பெயில் அன்ரிக்குத் தெரியாமல் ஒரு கைது இல்லை

ஸ்காபரோவில் பொலிஸ் யாரைப் பிடித்தாலும், பிடிபட்டவரின் மனைவிக்குத் தெரியும் முன்பே பெயில் அன்ரிக்குத் தெரிந்துவிடும். சில வேளைகளில் பிடிபட்டவருக்கே தெரியும் முன்பு அன்ரிக்குத் தெரியும் என்றும் எங்கள் கட்டடத்தில் சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை. முழுக்க நம்பாமலும் இருக்கவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் ஏதோ ஒரு புனிதையின் பெயர். அது தபால் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. மோர்னிங்சைட்டில் நாங்கள் குடியிருந்த அந்தப் பழைய அடுக்குமாடியில் பிடிபட்டவர்களைப் பிணையில் எடுக்க ஓடித்திரிவதால் எல்லோருக்கும் அவர் பெயில் அன்ரி. மன்னார்க்காரி. கட்டையான உருவம், கோடையிலும் கழற்றாத ஊதா ஜாக்கெட், கழுத்தில் செபமாலை, கையில் மூலை வெடித்த ஃபோன். பள்ளிக்கூடமொன்றில் துப்புரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மற்றவர்கள் மோலுக்குள் நடப்பார்கள், சீரியல் பார்ப்பார்கள். அன்ரி கைது பார்த்தார்.

நான் அவரை முதலில் கண்டது கீழ்த்தளத்து லோன்றி அறையில். நாங்கள் குடிவந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. மெஷினுக்குள் உடுப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். பக்கத்து வாங்குப் பலகையில் இருந்த அன்ரி, ஃபோனைப் பார்த்தபடி, றேடியோவில் காலநிலை சொல்வதுபோல, "மார்க்கம் ரோட்டிலை கார்க் களவு, மூண்டு பேர்" என்றார். "ஃபிஞ்ச்சிலை ஒரு ஆள், கத்தியோடை. எங்கட ஆக்கள் இல்லை."

பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"உங்கட அவர் எங்கை, பிள்ளை?"

"வேலைக்குப் போட்டார்."

"வடிவாத் தெரியுமோ?"

 கலியாணம் கட்டி அவ்வளவு காலத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்ததில்லை. அன்ரி கேட்டதும் வந்துவிட்டது. உடுப்பை விட்டுவிட்டு மேலே ஓடிப்போய் அவருக்கு ஃபோன் எடுத்து, "எங்கை நிக்கிறியள்?" என்று கேட்டேன். "வேலையிலை. ஏன்?" என்றார். "சும்மா" என்றேன். அன்றைக்கு முழுக்க அவர் என்னைச் சந்தேகப்பட்டார்.

இந்தக் கனடாவில் ஒருவரைப் பொலிஸ் பிடித்ததை வெளியில் இருந்து கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. பொலிஸ் சிலரின் பெயரைத்தான் செய்தியாக விடும். எந்தக் கோர்ட்டில் இன்றைக்கு யாருடைய வழக்கு என்பது இணையத்தில் வரும். ஆனால் அது வரும் முன்பே வீட்டுக்காரருக்கு உயிர் பாதி போய்விடும். ஸ்ரேசனுக்கு நேரே அடித்துக் கேட்டால், அது அவருடைய சொந்த விசயம், சொல்ல ஏலாது என்பார்கள். மகன் வீட்டுக்கு வரவில்லை, ஃபோனும் எடுக்கவில்லை என்று யாராவது அழுதுகொண்டு வந்தால், அன்ரி ஒருநாளும் "பிடிச்சு வைச்சிருக்கிறியளோ" என்று கேட்க மாட்டார். பொலிஸ்காரர் எல்லோரும் அவருக்கு மை சன்தான்.

"குட் மோர்னிங், மை சன்," என்று தொடங்கி, தேடுகிற ஆளின் பெயரைச் சொல்லி, தன்னுடைய ஆங்கிலத்தில், "அவருக்குச் சுகர் மருந்து கொண்டு வாறன். முன் வாசலாலை வரவோ, பின் வாசலாலை வரவோ?" என்று கேட்பார்.

முன் வாசல் என்று பதில் வந்தால் ஆள் உள்ளே. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றால் அடுத்த ஸ்ரேசன். அன்ரி தேடிய எல்லோருக்கும் சுகர் இருந்தது. பாஸ்கற்போல் விளையாடுகிற பெடியன்களுக்கும் இருந்தது.

ஒருமுறை ரூஜ் பக்கத்திலிருந்து ஒரு தாயும் தகப்பனும் வெளிறிய முகத்தோடு அன்ரி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மகளுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளையின் பெயரை இணையத்தில் தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் எங்கோ ஒரு சிறையில் பதிந்த விபரம் படத்தோடு வந்திருக்கிறது. அதே பெயர், அதே வயது. துவக்கோடு போய்க் கடை உடைத்த ஆள். படத்தில் முகத்தைத் தாடி மூடியிருந்தது. கலியாண மண்டபம் பதிந்தாயிற்று. கார்ட்டும் அடித்தாயிற்று. தாய் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். கறிவேப்பிலை கொடுக்கப் போன நான் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்ரி படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார்.

"இவனுக்குக் கழுத்திலை பாம்பு பச்சை குத்தியிருக்கு. உங்கட மாப்பிளைக்கு இருக்கோ?"

"நாங்கள் கொலரோடைதான் பாத்தனாங்கள்" என்றார் தகப்பன்.

"இஞ்சை உப்பிடிப் படம் போட மாட்டாங்கள். உது அங்கத்தை வழக்கம். ஒரு பேரிலை எத்தினை பேர் இருப்பினம்? என்ரை பேரிலை மன்னாரிலை மட்டும் ஒரு கோயில் நிரம்ப இருக்கினம். மாப்பிளைக்கு இப்ப வீடியோவிலை அடிச்சு, கழுத்தைக் காட்டச் சொல்லுங்கோ."

தகப்பன் உண்மையாகவே அடித்தார். மாப்பிள்ளை வேலைத்தலத்துக் கோப்பி அறையில் நின்று, பயந்துபோய், கொலரை இறக்கிக் காட்டினார். பாம்பு இல்லை, ஒரு சின்ன மச்சம் இருந்தது. கலியாணம் நடந்தது. மாமனார் ஏன் அப்படிக் கேட்டார் என்பது அந்த மாப்பிள்ளைக்கு இன்றுவரை தெரியாது.

என் கணவரின் தமையனுக்கு மட்டும் அன்ரியைக் கண்ணில் காட்டக் கூடாது. நான் அவரைப் பெரியத்தான் என்று சொல்வேன். பிக்கரிங்கில் வீடு, ரொறன்ரோ டவுன்ரவுனில் கணக்காளர் வேலை. டை இல்லாமல் அவர் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கடற்கரையில் எடுத்த படத்திலும் டை இருக்கிறது. "உந்த மறியல், ஜெயில் எண்டு திரியிற மனுசியோடை பழகாதையும்" என்று எனக்குப் பல தரம் சொல்லியிருக்கிறார். "மரியாதையான சனத்துக்கு ஏன் உந்தப் பொலிஸ் கதையள்?"

ஒரு பனி உருகும் மாதத்தில், நடுப்பகலில், அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், எனக்கு ஃபோன் எடுத்தார்.  பெரியத்தான் காலையில் வேலைக்கு வெளிக்கிட்டவர், ஒஃபிசுக்குப் போய்ச் சேரவில்லை. ஃபோன் நிற்பாட்டிக் கிடக்கிறது. மறந்து விட்டுப்போன பேர்ஸ் குசினி மேசையில் இருக்கிறது. டவுன்ரவுன் ஆஸ்பத்திரிகளுக்கும் ரொறன்ரோப் பொலிசுக்கும் அக்கா மாறி மாறி அடித்துக் களைத்துவிட்டார். என் கணவர் ஏற்கெனவே டவுன்ரவுனில் ரெயின் வந்து நிற்கிற யூனியன் ஸ்ரேசனுக்கு ஓடிவிட்டார்.  நேரே அன்ரியின் கதவைத் தட்டினேன்.

"ரெயினிலை ஏறினவரோ?" என்றார் அன்ரி.

"ஏறியிருப்பார்."

"இருப்பார் எண்டு நான் கேக்கேல்லை. ரெயினடிக்கு எப்பிடிப் போறவர்? காரிலையோ?"

"இல்லை அன்ரி. உடம்புக்கு நல்லமெண்டு நடந்து போறவர்."

"அப்ப பிக்கரிங்கிலைதான் என்னவோ நடந்திருக்கு. நீங்கள் எல்லாரும் ரொறன்ரோவைத் தோண்டிக்கொண்டு இருக்கிறியள். பிக்கரிங்குக்கு வேற பொலிஸ், பிள்ளை."

ஃபோன் எடுத்தார். சுகர் மருந்தைச் சொன்னார். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று பதில் வந்தது. எனக்குப் பாதி நிம்மதி, பாதிப் பயம். அன்ரி ஃபோனை வைக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மை சன், பேர் சொல்ல மாட்டன் எண்டு ஒருத்தர் இருக்கிறாரோ? டை கட்டினவர்?"

 மறுமுனையில் குரல் மாறி, நீங்கள் யார் பேசுகிறீர்கள் என்று கேட்டது.

அன்ரி ஃபோனை வைத்துவிட்டு ஜாக்கெட்டின் ஸிப்பை இழுத்தார். "வெளிக்கிடும் பிள்ளை. ஆள் உள்ளுக்கை."

பெரியத்தான், பொலிஸ் கூண்டுக்குள். அந்த இரண்டையும் சேர்த்து நினைக்கவே என் மண்டை மறுத்தது. அக்காவிடம், "ஆள் கிடைச்சிட்டார், சுகமா இருக்கிறார், கூட்டிக்கொண்டு வாறம்" என்று மட்டும் சொன்னேன். காரை ஓட்டிக்கொண்டு போகும்போது, மனப் பதற்றத்தில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"அன்ரி, உங்களுக்கு ஏன் உந்த வேலை?"

அன்ரி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "மன்னாரிலை எங்கட அவரைச் சந்தியிலை வைச்சு ஏத்திக்கொண்டு போனவங்கள். நான் ஒவ்வொரு ஆமிக் காம்பாப் போனன். அப்பிடி ஒரு ஆள் இல்லை எண்டாங்கள். எல்லா இடத்திலையும் அதே சொல்லு. அவர் வரவே இல்லை. இஞ்சை வந்த புதுசிலை பக்கத்து வீட்டுப் பெடியனைப் பொலிஸ் பிடிச்சிட்டுது. தாய்க்கு இங்கிலிஸ் வராது. நான் பயந்து பயந்து அடிச்சன். எடுத்த பொலிஸ்காரன், ஓம் அம்மா, இஞ்சைதான் இருக்கிறார், இப்பதான் சாப்பிட்டவர் எண்டான். நான் ஃபோனைப் பிடிச்சபடி இருந்து அழுதன், பிள்ளை. கேட்டால் சொல்லுறாங்கள். பிறகேன் கேளாமல் இருக்கிறது?"

நான் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எத்தனை தரம் லோன்றி அறையில் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். 

ஸ்ரேசனில் ஒரு இளம் பொலிஸ்காரர் இருந்தார். அன்ரி அவரிடம் மை சன் சொன்னதும் முகம் இளகிவிட்டது. உள்ளே இருப்பவரை விடத்தான் அவர்களுக்கும் விருப்பமாம். ஆனால் பெயர் தெரியாத ஆளை எப்படி விடுவது? காலையிலிருந்து கேட்கிறார்களாம். மனுசன் மரியாதையாக நன்றி சொல்கிறாராம், பெயரைச் சொல்ல மாட்டாராம். யாருக்கும் அறிவிக்கவும் வேண்டாம் என்கிறாராம்.

"உது எங்கட மானப் பிரச்சினை" என்று அன்ரி என்னிடம் சொல்லிவிட்டு, பொலிஸ்காரரிடம் திரும்பினார். "மை சன், அவரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. பெயில் அன்ரி வந்து நிக்கிறா. இப்ப எனக்கும் இந்தப் பிள்ளைக்கும் மட்டும்தான் தெரியும். பேரைச் சொல்லாட்டில், இந்த ஆளை ஆருக்கும் தெரியுமோ எண்டு பிக்கரிங்கிலை இருக்கிற அவ்வளவு தமிழ்ச் சனத்திட்டையும் விசாரிப்பா எண்டு சொல்லுங்கோ."

பொலிஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். பெரியத்தான் பெயரையும், தகப்பன் பெயரையும், கேளாமலே தன் படிப்பையும் சொல்லிவிட்டாராம்.

கொஞ்ச நேரத்தில் ஆள் வெளியே வந்தார். ஓவர்கோட் முழுக்கச் சேறு, டை முதுகுப் பக்கம் கிடந்தது. ரெயினடிக்கு நடந்து போகும்போது ஒரு கார் வேகமாக வந்து பனிச்சேற்றை அவர் மேல் அள்ளி அடித்திருக்கிறது. கார்க்காரர் கண்ணாடியை இறக்கிச் சிரித்துவிட்டுப் போய், ரெயினடியில் காரை நிற்பாட்டியிருக்கிறார். பெரியத்தான் பின்னால் போய், குடையால் ஒரே அடியில் காரின் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டார். ஆயுள் முழுக்கக் கடிக்க வந்த நுளம்பைக்கூட மரியாதையாகத் துரத்திய மனுசன். எனக்கு இதை எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை. குடையைப் பொலிஸ் சாட்சிக்கு வைத்துக்கொண்டது.

காருக்குப் பக்கத்தில் நின்று அன்ரி தன் பையிலிருந்து மீன் ரோல்ஸ் எடுத்துக் கொடுத்தார். பெரியத்தான் நின்றபடியே தின்றார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "உதை ஆருக்கும்..." என்று தொடங்கினார்.

"எதை?" என்றார் அன்ரி. "நான் நியூசிலை வாறதைத்தான் வாசிக்கிறனான். போய்க் கூட்டிக்கொண்டு வந்த ஆக்களின்ரை பேர் என்ரை மண்டையிலை நிக்கிறேல்லை."

அது உண்மை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு காலமும் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளை அன்ரி தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். அவர்களில் ஒருவரின் பெயரைக்கூட அவர் வாயால் நான் கேட்டதில்லை. பெரியத்தான் பிறகு மன்னிப்புக் கேட்டு, கண்ணாடியைத் திருத்திக் கொடுத்து, வழக்கும் இல்லாமல் போனது. அன்ரி அதற்குப் பிறகும் லோன்றி அறையில் கார்க் களவு வாசித்தார். பிக்கரிங் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் பின்னேரம் நான் அன்ரிக்கு ஃபோன் எடுத்தேன். பதில் இல்லை. முதல் மணியிலேயே எடுக்கிற மனுசி. கதவைத் தட்டினேன், சத்தமில்லை.  யோசிக்காமல் பெரியத்தானுக்கு அடித்துவிட்டேன். "வாறன்" என்று ஒரு சொல்லோடு வைத்தவர், ஒஃபிசிலிருந்து ராக்சி பிடித்து வந்துவிட்டார். என் கணவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பெரியத்தான் லொபியில் நின்று கோயிலுக்கும் பொலிசுக்கும் மாறி மாறி ஃபோன் எடுத்தார். லோன்றி அறைப் பெண்கள் உடுப்புக் கூடையோடு வந்து சுற்றி நின்றார்கள்.

அந்த நேரம் அன்ரி இரண்டு மரக்கறிப் பையோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பஸ்ஸில் நித்திரையாகிக் கடைசித் தரிப்பு வரைக்கும் போய்விட்டாராம். ஃபோனில் சார்ஜ் இல்லை. எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஆரைப் பிடிச்சவங்கள்?" என்றார்.

"ஒருத்தரையும் இல்லை. உங்களைத்தான் தேடிக்கொண்டு நிக்கிறம்" என்றேன்.

"என்னையோ?"

பெரியத்தான் அவர் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டார்.  லிஃப்ட்டுக்குள் ஏறிய பிறகு, அன்ரி எங்களைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார்.

"ஆர் ஆர் தேடினது?"

"எல்லாரும், அன்ரி" என்றேன்.