பேர் வெட்டிய குடம்

சைக்கிள் ஓட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. போக வேண்டிய இடம் இருப்பதால் ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மறந்துபோகிறார்கள். இன்னொரு வகை ஞாயிற்றுக்கிழமைப் பந்தயக்காரர். இவருக்குப் போக வேண்டிய இடம் எதுவும் கிடையாது. ஆனால் அங்கே சீக்கிரம் போயாக வேண்டும்.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு ஒருவர் உண்டு. பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்துக்கென்று எழுபதுகளில் வாய்த்தவர் சகாதேவன். மீன்பிடிக்கிற குடும்பம்தான் என்றாலும் வலையை விட்டுவிட்டு மீஞ்சூரில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை எடைபோடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆறு நாளும் பஸ்ஸில்தான் போவார். சைக்கிள் இருக்கும்போது பஸ் எதற்கு என்று கேட்டால், கேட்டவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்ப்பார்.

"வேல நாள்ல ஓட்னா வண்டி தேஞ்சுடாது?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முழங்கால் இரண்டுக்கும் தேங்காய் எண்ணெய் தேய்த்து, காக்கி அரை டிராயரை இழுத்து மாட்டி, கழுத்தில் கைக்குட்டை கட்டி, வாயில் ஒரு பிடி குளுக்கோஸைப் போட்டுக்கொண்டு, வண்டியின் இரண்டு டயரையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, வானத்தைப் பார்த்து, மறுபடியும் டயரை அமுக்கி, தெருவில் நாலு பேர் பார்க்கிற வரை காத்திருந்து, பிறகு கிளம்புவார். சலூன் கடையில் ஒரு வாரப் பத்திரிகையில் வெள்ளைக்காரர்கள் மலையிலும் சேற்றிலும் சைக்கிள் ஓட்டும் படத்தை அவர் ஒருமுறை பார்த்துவிட்டார். சேற்றுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. மலைக்கு எங்கே போவது? பொன்னேரி சாலையில் ஒரு மதகு இருக்கிறது. அதன் மேடு ஓர் ஆள் உயரம் வரும். அதை மூன்று முறை ஏறி இறங்கிவிட்டு வந்து, "இன்னிக்கு மலை கொஞ்சம் கஷ்டம்தான்" என்பார்.

எடைபோடுகிறவர் அல்லவா, எடையில்தான் அவருக்கு நம்பிக்கை. ஒரு சனிக்கிழமை சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோய்த் தராசில் நிறுத்தினார். இருபத்தொரு கிலோ. அன்றிலிருந்து மட்கார்டு போயிற்று, ஸ்டாண்டு போயிற்று, பெல் போயிற்று, செயின் கார்டு போயிற்று, பெடலின் ரப்பர் கட்டைகளும் போயின. கடைசியில் கேரியரும் போனபோது பதினாறரை கிலோ. அதே தராசில் தன்னை அவர் ஒருநாளும் ஏற்றிப் பார்த்ததில்லை.

கேரியர் போனதில் மனைவி இந்திராணிக்குத்தான் கஷ்டம். ஏரியில் மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி எறா பிடிக்கிற பெண்களில் அவர் ஒருவர். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்து வரும்போது பதினாறரை கிலோ சைக்கிள் காற்றாய்ப் பறந்து அவரைத் தாண்டிப் போகும்.

"ஒம்பது வருசமா ஓட்ற. ஒரு சொம்பாவது கெலிச்சுக்குனு வந்தியாய்யா?" என்று அவர் கேட்பார். சொம்பு அல்ல, குடம் என்று சகாதேவன் திருத்துவார்.

ஆமாம், குடம். ஆடி மாதம் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிறன்று பக்கத்துப் பக்கத்துக் குப்பங்கள் மூன்றும் சேர்ந்து ஒரு சைக்கிள் பந்தயம் வைக்கும். கோயிலில் கிளம்பி, சவுக்குத் தோப்பைத் தாண்டி, வற்றிக் கிடக்கும் ஏரிப் படுகை வழியாக டச்சுக்காரர் கல்லறை வரை போய், வந்த வழியே திரும்ப வேண்டும். முதலில் வருகிறவருக்கு ஓர் எவர்சில்வர் குடம். அந்தக் குடத்தை ஒருதரம், ஒரே ஒருதரம், தன் கையால் வாங்கி இந்திராணியின் இடுப்பில் வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர சகாதேவனுக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. இதில் மட்டும் அவரைக் கேலி செய்ய மனம் வரவில்லை.

மற்றதில் வருகிறது. குப்பத்தில் எல்லோரும் காற்றைப் பார்ப்பார்கள், ஏரிக்குப் போகலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள. சகாதேவனும் பார்ப்பார், திரும்பி வந்த பிறகு என்ன சொல்லலாம் என்று தெரிந்துகொள்ள. "காத்து மட்டும் இல்லேன்னா..." என்று ஆரம்பிப்பார். போகும்போது எதிர்க்காற்று. சரி, திரும்பும்போது அது முதுகில்தானே தள்ளியிருக்க வேண்டும்? "அங்கதான் கீது விசயம். நான் திரும்புற நேரம் பாத்து அதுவும் திரும்பிக்கிச்சு." ஒன்பது வருடம், ஒன்பது பந்தயம், பதினெட்டுத் திசை எதிர்க்காற்று. திங்கட்கிழமை ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் அவர் வாயைத் திறக்குமுன்பே, "இன்னா சார், நேத்து வாடக்காத்தா கச்சான்காத்தா?" என்பார்கள். அதையும் அக்கறை என்றே எடுத்துக்கொள்வார்.

அந்த ஒன்பதில் ஆறு குடம் மாணிக்கத்தின் வீட்டில் இருந்தது. மாணிக்கம் தினமும் ஐஸ் போட்ட மீன் கூடையைக் கேரியரில் கட்டி, அதன்மேல் இன்னொரு கூடையையும் வைத்து, பொன்னேரியில் ரயிலைப் பிடிக்க ஓட்டுகிறவர். மட்கார்டு, பெல், ஸ்டாண்டு, சாமி படம் எல்லாம் அந்த வண்டியில் உண்டு. மதகு மேட்டில் சகாதேவனைத் தாண்டும்போது உண்மையான கவலையோடு கேட்பார்:

"இன்னா மாமா, செயின் கழண்டுகிச்சா?"

செயின் கழன்றிருக்காது.

எண்பதாம் வருடப் பந்தயத்தில் மாணிக்கமும் பக்கத்துக் குப்பத்துக்காரர் ஒருவரும் சக்கரத்தோடு சக்கரமாக வந்து கோயிலடியில் கட்டியிருந்த கயிற்றைத் தொட்டார்கள். யார் முதல் என்று ஆரம்பித்த பேச்சு நாலு மண்டை உடைந்து இரண்டு வலை அறுபட்ட பிறகுதான் நின்றது. ஆகவே அடுத்த ஆடிக்கு முன்னால் மூன்று குப்பத்தாரும் கோயிலடியில் கூடினார்கள். பெரியதனக்காரர் சுப்பராயலு துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பேசினார்.

"ஏரில நாம இன்னா பண்றோம்? எந்த எடத்துல யார் எந்த நாள் வலை போடறதுன்னு சீட்டுப் போட்டுப் பாடு வெச்சிக்கிறோம். அவன் அவன் முறை வரும்போது அவன் அவன் போறான். அதால சண்டை இல்ல. கொடத்துக்கும் அதே மாரி பாடு வெச்சுடுவோம். ஓட்றவன் பேரெல்லாம் சீட்டு எழுதிக் குலுக்குவோம். வருசத்துக்கு ஒருத்தனுக்குக் கொடம்."

"அப்போ பந்தயம்?" என்று ஒருவர் கேட்டார்.

"அது பாட்டுக்கு நடக்கட்டும். பாக்க நல்லாத்தான கீது?"

யாருக்கும் இதில் விநோதமாக ஒன்றும் தோன்றவில்லை. ஏரியையே முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு குடம் எம்மாத்திரம்? சீட்டுக் குலுக்கியதில் முதல் வருடம் மாணிக்கம், இரண்டாம் வருடம் சகாதேவன் என்று வந்தது. சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னபோது முதலில் எழுந்த கை சகாதேவனுடையது. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பெடல் கட்டையைக் கழற்றியதில் எத்தனை கிராம் குறைந்தது என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் கையைத் தூக்கப் போவதுபோல் இருந்ததால் முந்திக்கொண்டார். முந்துவது என்றால் அவருக்குப் பிடிக்கும்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்து கன்னம் வீங்கிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் முதல்முறையாக இந்திராணிக்கு ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்கச் சந்தர்ப்பம் கிடைத்தது.

"இத பாருய்யா. படுகைல கறுப்பா பளபளன்னு கீற எடம் பாக்கக் கெட்டியா தெரியும். கால் வெச்சா முட்டி வரைக்கும் போவும். எல்லாரும் அதுல நேரா போயித்தான் மாட்டிக்கிறானுங்க. வெள்ளையா கிளிஞ்சல் செதறிக் கெடக்குது பாரு, அதும்மேலயே போ. சுத்துதான். ஆனா வண்டி எறங்காது. தெனம் நடக்கிறவ சொல்றேன்."

அவருக்குப் பதில் சொல்ல நிறைய இருந்தது. வாய்தான் இல்லை. ஆகவே காதில் விழுந்தது.

பந்தயத்தன்று அவர் கிளிஞ்சல் மேலேயே போனார். நேராகப் போனவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் துழாவினார்கள். மாணிக்கமும் துழாவினார். பிறகு கல்லறையைத் தொட்டுத் திரும்பி, தோப்புக்குள் அவர் விரட்டிய விரட்டு இருக்கிறதே, பொன்னேரி ரயிலுக்குக்கூட அவர் அப்படி ஓட்டியதில்லை. குடம் தனக்குத்தான் என்று தெரிந்திருந்தும், முன்னால் ஒருவர் போனால் மெதுவாக ஓட்ட அவருக்குத் தெரியாது. காற்று இரண்டு பக்கமும் எதிரேதான் அடித்தது. சகாதேவன் அதைக் கவனிக்கவில்லை. நாலு சைக்கிள் நீளம் முந்தி, நெஞ்சு வெடிக்கக் கோயிலடிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே யாரும் இல்லை.

கயிறு கட்டவில்லை. குடம்தான் முடிவாகிவிட்டதே, கயிறு எதற்கு? ஊர் முழுக்கக் கோயிலுக்குப் பின்னால் கூழ் வாங்க நின்றுகொண்டிருந்தது. கொடிமரத்து நிழலில் ஒரு வெள்ளாடு படுத்திருந்தது. அதுவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

கூழ் ஆன பிறகு சுப்பராயலு குடத்தோடு வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்த சகாதேவன், அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுமுன்பே குடத்தை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் நீர் தளும்ப அதைத் திருப்பிப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக அழகாக வெட்டியிருந்தது: மாணிக்கம், முதல் பரிசு, ஆடி 1981. பொன்னேரிப் பாத்திரக் கடையில் வியாழக்கிழமையே வெட்டி வாங்கிவிட்டார்கள்.

"ம்ம்... ம்ம்ம்" என்றார் சகாதேவன்.

"இன்னா சகாதேவா, உனுக்கு அடுத்த வருசம்பா. மொத ஆளா கை தூக்கினியே, மறந்துட்டியா?" என்று சுப்பராயலு சிரித்தார். வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். மாணிக்கம் மட்டும் தட்டவில்லை.

வீட்டில் இந்திராணி சைக்கிள் டயரைத் தடவிப் பார்த்தார். விரலில் கிளிஞ்சல் தூள் வெள்ளையாக ஒட்டியது. சேறு இல்லை.

"எத்தினியாவதா வந்த?"

சகாதேவன் ஒரு விரலைக் காட்டினார். பிறகு திரும்பி உட்கார்ந்து அழுதார். பல் வலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆடி வந்தது. குடம் தனக்குத்தான், அதில் தன் பேர் வெட்டியாகிவிட்டது என்று இந்தமுறை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே உண்மையாகவே முதலில் வந்துவிட வேண்டும் என்று துடித்தார். அதுவும் ஊர் பார்க்க, கயிற்றைத் தொட்டு. அதற்காகக் காசு அவரே கொடுத்துக் கயிறும் வாங்கினார். வலித்த பல் இப்போது இல்லை, பிடுங்கியாகிவிட்டது. வாய் நன்றாக இருந்தது.

"இந்த மழைல கிளிஞ்சல் எடம் மாறிக்கிச்சுய்யா, நான் சொல்றது..." என்று இந்திராணி ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியாதா? போன வருசம் போனது நீயா, நானா?"

போன வருடத்து வழியிலேயே போனார். ஏரி அந்த வழியை எடுத்துக்கொண்டு வெகுநாள் ஆகியிருந்தது. இடுப்பு வரை இறங்கியவரை எறா பிடிக்கிற பெண்கள் நாலு பேர் இழுத்துப் போட்டார்கள். பதினாறரை கிலோ சைக்கிளை எடுக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. எல்லோரும் வந்து, கூழ் குடித்து, கை கழுவிய பிறகு, வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு சேற்று மனிதராக வந்து, தான் வாங்கிய கயிற்றைத் தானே தாண்டினார். மாலை போட்டார்கள். குடத்தைக் கொடுத்தார்கள். சகாதேவன், முதல் பரிசு, ஆடி 1982.

அதற்குப் பிறகு அவர் ஆலையில் எண்பத்திரண்டைப் பற்றித்தான் பேசுகிறார். குடம் சாட்சி இருக்கிறது, யாரும் மறுப்பதில்லை. "அன்னிக்குக் காத்து நம்ம பக்கம்" என்பார். ஒருமுறை மட்டும், சாப்பாட்டு நேரத்தில், "நெசமா பாத்தா அதுக்கு முந்தின வருசம்தான் நான்..." என்று தொடங்கினார்.

"காத்து மட்டும் இல்லேன்னா, அதான சார்?" என்றார் ஒரு மூட்டை தூக்குகிறவர். எல்லோரும் சிரித்தார்கள். சகாதேவனும் சிரித்தார். பிறகு அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது வருடம் வாய் ஓயாமல் சொன்னவற்றுக்கு நடுவில் அந்த ஒரு நிஜத்தை வைக்க அவரிடம் இடம் இல்லாமல் போயிற்று. ஒருநாள் மதகு மேட்டில் மாணிக்கத்தை நிறுத்தி, "நீயாவது சொல்லக் கூடாதாடா?" என்று கேட்டார். "நீதான் மாமா முன்னாடி போன. யாராவது கேட்டா சொல்ல மாட்டனா?" என்றார் மாணிக்கம். இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

இந்திராணி அந்தக் குடத்தில்தான் தண்ணீர் எடுக்கிறார். பேர் வெட்டிய பக்கத்தை இடுப்புப் பக்கமாக வைத்துக்கொள்வார். "ஊட்டுக்காரர் கெலிச்ச கொடமாச்சே, பேர் தெரியற மாரி வெச்சா இன்னா?" என்று குழாயடியில் கேட்டால், "அவுரு கெலிச்சது வேற கொடம்" என்று சொல்லிவிட்டு நடப்பார். கேட்டவர்களுக்குப் புரியாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலும் ஏதோ கேடயமோ கோப்பையோ பளபளக்கிறது. அதில் உங்கள் பேரை ஞாயிற்றுக்கிழமை வெட்டினார்களா, வியாழக்கிழமையேவா என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்கப் போவதில்லை. அதற்கு முந்தின வருடம் நீங்கள் நிஜமாகவே முதலில் வந்தீர்கள், அங்கே யாரும் இல்லை என்றால், அதையும் நம்புகிறோம். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று மட்டும் சொல்ல ஆரம்பிக்காதீர்கள்.