ஏழு புல்லாங்குழலும் என் மூச்சும்

போங்காட்டம்னு சொன்னீங்களே மாப்பிள்ளை, முதல்ல அந்த வார்த்தையை வாபஸ் வாங்குங்க. ஒரு குழல்ல ஏழு இடத்துல விரலை மாத்தினா அவன் வித்வான், ஏழு குழல்ல வாயை மாத்தினா நான் ஏமாத்துக்காரனா? ஊதுற மூச்சு யாரோடது? பக்கத்து வீட்டுல கடன் வாங்கிட்டு வந்தேனா? "மூச்சு பத்தாதவங்கதான் மாமா இப்படிக் குறுக்கு வழி தேடுவாங்க"ன்னு சொல்லிட்டு டக்குனு போனை வெச்சுட்டீங்க. பதில் சொல்ல வாயைத் திறந்தவன் திறந்தபடியே நின்னேன். அதான் கடுதாசி. இதை நடுவுல கட் பண்ண முடியாது பாருங்க.

உங்க அத்தை பேனாவை நிறுத்திட்டா. கடுதாசின்னா எடுத்த எடுப்புல சண்டை போடக் கூடாதாம், மரியாதையா ஆரம்பிக்கணுமாம். சரி, எழுது.

பெருமதிப்பும் பேரன்பும் ஒருங்கே உரித்தான மாப்பிள்ளை அவர்களின் சமூகத்துக்கு, பெண்ணைக் கொடுத்த நாள் முதல் பயபக்தியோடு இருந்துவரும் மாமனார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், என் இரண்டு நுரையீரல்களும், தங்கள் அத்தையும் நலம். அவ்விடம் தங்கள் நலமும், என் மகள் நலமும், தாங்கள் குடியிருக்கும் ஒன்பதாம் மாடியின் நலமும், அதன் லிப்டின் நலமும் அறிய ஆவல்.

போதுமா மரியாதை? இப்ப விஷயத்துக்கு வர்றேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், எழுதினா நானே திரும்பப் படிக்க முடியாது. அதனால நான் சொல்லச் சொல்ல உங்க அத்தை எழுதறா. கை அவளோடது, வாய் என்னோடது, கல்யாணமானதுல இருந்து இதுதான் ஏற்பாடு. சிரிக்காம எழுது.

எல்லாத்துக்கும் மூலகாரணம் நீங்கதான் மாப்பிள்ளை. போன மழையில எனக்கு நெஞ்சுச் சளி வந்து படுத்தேன், எந்திரிச்சேன், அதோட விட்டிருக்கலாம். டாக்டர் மூணு உருண்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, இழுத்து இழுத்து உருண்டையைத் தூக்குங்கன்னார். நான் காலம் பூரா குழாய் வேலை பார்த்தவன். அழுத்தம் எங்கே ஏறுது எங்கே இறங்குதுன்னு பார்க்காம சும்மா உறிஞ்ச மனசு வருமா? கழட்டிப் பார்த்தேன். ஒரு உருண்டை கட்டிலுக்கு அடியில ஓடிப் போச்சு, இன்னும் வரல. உடனே நீங்க என்ன சொன்னீங்க? "மாமா, ஒரு புல்லாங்குழல் வாங்கி ஊதுங்க, மூச்சுக்கு நல்லது. விலை கம்மியா, ஆனா நல்லதா வாங்குங்க"ன்னீங்க. நல்ல யோசனை. அதோட வாயை மூடியிருக்கலாம். "நாங்க வரும்போது ஒரே ஒரு மெட்டு, நடுவுல இருமாம, உட்காராம, முழுசா ஊதிக் காட்டுங்க. காட்டிட்டா நீங்க இந்த வீட்லயே இருங்க. இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் எங்க கூட வந்துடணும்"னு ஒரு நிபந்தனையும் போட்டீங்க. ஆபீஸ்ல ஆள் குறைக்கிற வேலையில இருக்கறவர் மாமனாருக்கு மட்டும் சலுகையா காட்டுவார்?

அந்த ஒன்பதாம் மாடியில எனக்கு என்ன வேலை மாப்பிள்ளை? உங்க வீட்டுல குழாய் எல்லாம் செவுத்துக்குள்ள ஓடுது. ஒழுகினாக்கூட ஒருத்தன் கண்ணுல படாது. இங்கே சமையலறைக் குழாய் சொட்டினா படுக்கையில இருந்தே எந்த வாஷர்னு சொல்லிடுவேன். அதனால இந்தக் குழலை நான் விளையாட்டுக்கு வாங்கலை, வீட்டுக்காக வாங்கினேன்.

நீங்க போன்ல அனுப்பின வீடியோ எல்லாத்தையும் ஒண்ணு விடாம பார்த்தேன். மூங்கில் விரிசல் இல்லாம இருக்கணும்ங்கறான் ஒருத்தன். விரலுக்கு எட்டுற குழலா எடுங்க, நீளமானதை எடுத்துட்டு முழிக்காதீங்கங்கறான் இன்னொருத்தன். மூணாவது ஒரு தாடிக்காரர் கண்ணை மூடிக்கிட்டு, "நீங்கள் குழலைத் தேர்ந்தெடுப்பதில்லை, குழல்தான் உங்களைத் தேர்ந்தெடுக்கிறது"ன்னார். அது எனக்குப் பிடிச்சிருந்தது. பெரிய கடைக்குப் போய் கண்ணாடி அலமாரி முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். ஒரு குழலும் என்னைச் சீண்டலை. டை கட்டின ஒரு விற்பனைக்காரர்தான் வந்து சீண்டினார்.

"என்ன சுருதி சார் வேணும்?"

"விலை கம்மியான சுருதி."

அவர் சிரிக்கலை. வெல்வெட்டுத் துணியில சுத்தின ஒண்ணை எடுத்து, தொட்டில் பிள்ளையைக் காட்டற மாதிரி காட்டினார். விலையைச் சொன்னார். அந்தக் காசுக்கு ரெண்டு பாத்ரூமுக்குச் சுடுதண்ணி, பச்சைத்தண்ணி ரெண்டு லைனும் இழுத்துடலாம். சரி, சரக்காவது எப்படின்னு பார்ப்போம்னு கவுன்டர்ல உருட்டினேன், நேரா ஓடுச்சு. ஒரு கண்ணை மூடிக்கிட்டு உள்ளே பார்த்தேன், சுத்தமா இருந்தது. அப்புறம் அங்கேயே இருந்த குடிதண்ணி மெஷின்ல பிடிச்சுத் தண்ணியைத் திறந்துவிட்டேன். "சார்!"னு அலறினார். "ஆறு இடத்துல ஒழுகுதே தம்பி, இதுக்கா இந்த விலை?"ன்னு கேட்டேன். அது விரல் வைக்கிற ஓட்டைன்னு எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கறதுக்குத்தான். பார்த்தேன், திருப்தியா இருந்தது, வெளியே போகச் சொன்னார், வந்துட்டேன்.

பாலத்துக்கு அடியில ஒரு கழியில பூரா குழலைச் செருகிக்கிட்டு ஒருத்தர் நின்னு ஊதிக்கிட்டு இருந்தார். அடடா. பஸ்ஸுக்கு ஓடினவங்க எல்லாம் நின்னுட்டாங்க, பஸ்ஸும் நின்ன மாதிரிதான் இருந்தது. நான் சாமர்த்தியமா யோசிச்சேன். கழியில இருக்கறதை நம்பக் கூடாது, அதெல்லாம் ஜனங்க தலையில கட்டற சரக்கு, நல்லது இவர் வாயில இருக்குன்னு.

"நீங்க ஊதுறீங்களே, அதையே குடுங்க."

"இது என்னோடது ஐயா. கழியில எடுத்துக்கோங்க, எல்லாம் ஒரே மூங்கில்தான்."

"அந்தக் கதை எல்லாம் வேணாம். எச்சிலானாலும் பரவாயில்ல, கழுவிக்கறேன்."

கொஞ்சம் இழுத்துப் பிடிச்சார், நானும் விடலை, கடைசியில சட்டையில துடைச்சுக் கொடுத்தார். வெற்றிவீரனா வீட்டுக்கு வந்து ஊதினேன். புஸ்ஸுன்னுது. சைக்கிள் டியூப்ல முள்ளு குத்தினா வருமே, அதேதான். திரும்பப் பாலத்துக்கு ஓடினேன், கேட்டுடலாம்னு. அந்த மனுஷர் கழியில இருந்து வேற ஒண்ணை உருவி அதே பாட்டை அதே மாதிரி ஊதிக்கிட்டு நிக்கறார்! என்னைப் பார்த்ததும் குழலை எடுக்காமலே கண்ணால "சௌக்கியமா?"ன்னு கேட்டார். நான் என்ன கேக்கறது? உங்க உதட்டையும் சேர்த்துக் குடுங்கன்னா?

வீட்டுல உட்கார்ந்து யோசிச்சேன். ஒரு லைன்ல அழுத்தம் வரலைன்னா என்ன அர்த்தம்? எங்கேயோ லீக். குழல்ல லீக் எங்கே? விரல் இடுக்குல. எனக்குத்தான் இத்தனை வருஷம் ஸ்பானர் பிடிச்சுப் பிடிச்சு விரல் எல்லாம் வெண்டைக்காய் மாதிரி வளைஞ்சு கிடக்கே, ஒரு ஓட்டையும் முழுசா மூடலை. பழைய பையில, குழாய் மரையில ஒழுகாம இருக்கச் சுத்தற டெஃப்லான் டேப் இருந்தது. ஆறு ஓட்டையையும் இறுக்கிச் சுத்திட்டு ஊதினேன். "பூம்"னு ஒரு சத்தம், கப்பல் துறைமுகத்துக்குள்ள வர்ற மாதிரி! உங்க அத்தை அடுப்படியில கரண்டியைக் கீழே போட்டா. ஆனந்தத்துல. என்ன பார்க்கறே, ஆனந்தம்னே எழுது.

இப்ப சத்தம் இருக்கு, ஆனா ஒண்ணுதான் இருக்கு. ஒரு சத்தத்துல மெட்டு ஆகாது. கடைசி ஓட்டை டேப்பைப் பிரிச்சா அடுத்த சத்தம் வருது, அதுக்கு மேல இருக்கறதையும் பிரிச்சா அதுக்கடுத்தது. ஊதும்போது பிரிச்சு ஒட்டிக்கிட்டு இருக்க முடியுமா? அப்பதான் மூளை வேலை செஞ்சது. பாலத்துக்குப் போய் அதே அளவுல இன்னும் ஆறு வாங்கினேன். மொத்தமா எடுத்ததுல விலையைக் குறைச்சதோட, "பள்ளிக்கூடம் நடத்தறீங்களா ஐயா?"ன்னு கும்பிட்டுக் கேட்டார். முதல் குழலுக்கு ஆறு டேப், அடுத்ததுக்கு ஒண்ணு கம்மி, அப்படியே போனா ஏழாவது வெறும் குழல். உடைஞ்ச கட்டில் சட்டத்தைக் கூடத்துச் செவுத்துல நட்டமா அடிச்சு, பைப்புக்குப் போடற கிளாம்ப் வெச்சு ஏணிப்படி மாதிரி ஒண்ணுக்கு மேல ஒண்ணா முடுக்கிட்டேன். முதல் சத்தம் முழங்கால் கிட்ட, ஏழாவது தலைக்கு மேல. கீழ்ச் சத்தத்துக்குக் குந்தணும், மேல் சத்தத்துக்கு எம்பணும். சுருதி மட்டும் ஏழும் ஏழு வீட்டுல வளர்ந்த பிள்ளைங்க மாதிரி, ஒண்ணை ஒண்ணு மதிக்காது. அந்த விலைக்கு மரியாதையும் சேர்த்து எதிர்பார்க்க முடியுமா?

இதைத்தான் நீங்க போங்காட்டம்ங்கறீங்க. ஒரு மெட்டு முடியறதுக்குள்ள நான் எத்தனை தடவை குந்தி எந்திரிக்கறேன் தெரியுமா? உங்க வித்வான் யாராவது இப்படி ஊதுவாரா? உட்காராம ஊதணும்னீங்க, ஒத்துக்கறேன், ஆனா குந்தறது உட்காரறது ஆகாது. பிருஷ்டம் தரையில படலை. வேணும்னா இஞ்ச் டேப் வெச்சு அளந்து பாருங்க. ஐஸ் வண்டிக்காரர் மணி அடிச்சுக்கிட்டு வருவாரே, அந்த மெட்டைத்தான் பழகிக்கிட்டு இருக்கேன். முந்தாநாள் ஊதி முடிக்கறேன், தெருப் பிள்ளைங்க கிண்ணத்தோட வாசல்ல ஓடி வந்து நிக்குது! இதைவிடப் பெரிய சான்றிதழ் எந்த சபையில கொடுப்பாங்க? மாடியில குடியிருந்தவங்ககூடப் போகும்போது, "உங்க மூச்சை மறக்க முடியாது"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. பெரிய வீடா கிடைச்சிருக்காம், பாவம், அவசரமா போகவேண்டியதாப் போச்சு.

ஒரே ஒரு சின்ன சங்கடம், முழங்கால். அது நுரையீரல் இல்ல, உங்க நிபந்தனையில வராது. அதனால நீங்க வர்ற அன்னைக்கு மேல் நாலு சத்தமும் நான், கீழ் மூணு சத்தம் உங்க அத்தைன்னு முடிவு பண்ணியிருக்கேன். அவ கீழே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துக்கலாம், அவளுக்கு நிபந்தனை கிடையாது. அவகிட்ட இன்னும் கேட்கலை. இப்ப எழுதும்போது தெரிஞ்சுக்குவா. சந்தோஷம்தான் அவளுக்கு, இந்த வீட்டை விட்டு வர அவளுக்கும் இஷ்டமில்ல, என்னை விட்டுட்டு ஒரு நாள் இருக்க மாட்டா, அது உங்களுக்கே தெரியும்.

ஆகவே மாப்பிள்ளை, வார்த்தையை வாபஸ் வாங்கிட்டு, வாக்குக் கொடுத்தபடி வந்து, காது குளிரக் கேட்டுட்டு, வீட்டைப் பூட்டற பேச்சை அதோட விட்டுட்டு, நீங்களும் என் மகளும் எல்லாச் சீரும் சிறப்பும் பெற்று, உங்க லிப்ட் ஒரு நாளும் நின்னுபோகாம, நீங்க இருக்கிற மாடியைவிட உசந்த பதவிக்குப் போய், நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிற ஆசீர்வாதம் என்னன்னா

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். பாதியில எழுந்து பேப்பரை அடுப்படிக்குக் கொண்டுவந்துட்டேன். அவர் கூடத்துல செவுத்தைப் பார்த்துக்கிட்டு இன்னும் ஆசீர்வாதம் பண்ணிக்கிட்டு இருக்கார், நான் எழுதிக்கிட்டு இருக்கறதா நினைப்பு. கரண்டி விழுந்தது ஆனந்தத்துல இல்ல. பிள்ளைங்க கிண்ணத்தோட வந்தது நிஜமான ஐஸ் வண்டிக்கு, அது அப்பதான் தெருமுனை திரும்புச்சு. மாடி வீட்டுக்காரங்க போனது இதைவிடச் சின்ன வீட்டுக்கு.

மூச்சு பத்தாதுன்னு நீங்க சொன்னது தப்பு. காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சா, சாப்பாட்டுக்குத்தான் நிறுத்தறார். ஒரு இருமல் இல்ல, ஒரு இளைப்பு இல்ல. இவருக்கு மூச்சு நிறைய இருக்கு மாப்பிள்ளை, அதுதான் என் பிரச்சினை. பந்தயத்துல அவர் ஜெயிச்சுட்டார்னே வெச்சுக்கோங்க, அவர் இந்த வீட்லயே இருக்கட்டும். வரும்போது வண்டியில ஒரு ஆளுக்கு மட்டும் இடம் வெச்சுட்டு வாங்க. என் பெட்டியைக் கட்டி வெச்சுட்டேன்.

நீங்க கவலைப்படாதீங்க. கீழ் மூணு சத்தத்துக்கு ஆள் இல்லாம ரெண்டு நாள் குந்திப் பார்ப்பார், அப்புறம் பின்னாலேயே வந்துடுவார். வந்தா லிப்ட்ல ஏத்தறதுக்கு முன்னாடி பையை மட்டும் சோதனை போட்டுடுங்க.