வண்டி குடித்த வழக்கு

நாட்டின் அந்நியச் செலாவணியைக் காப்பாற்றும் பொறுப்பு ஒரு நாள் காலை, ராயபுரத்து மீன் வேன் ஒன்றின் தலையில் விழுந்தது. வேனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருக்கும்.

அரபு தேசத்தார் எண்ணெய் விலையை ஏற்றிய சமயம் அது. நம் மாநிலத்தில் சாராயக் கடைகளை மறுபடியும் மூடிய சமயமும் அதுவே. ஒரு இலாகாவுக்குப் பெட்ரோல் போதவில்லை. இன்னொரு இலாகாவில், குடிக்க ஆளில்லாமல் ஸ்பிரிட் பீப்பாய் பீப்பாயாகத் தேங்கிக் கிடந்தது. இரண்டு குறைகளையும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் ஒரு நிறைவு உண்டாகும் என்று மேலிடத்தில் ஒருவருக்குத் தோன்றியது. மக்கள் குடிக்கக் கூடாத ஸ்பிரிட்டை வண்டிகள் குடிக்கட்டும். உத்தரவு பிறந்தது.

புது வண்டிகள் முகம் சுளித்துக்கொண்டு குடித்தன. ராயபுரத்து இன்னாசியின் மீன் வேன் யுத்த காலத்தது. அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ரப்பர் குழாய் உப்பியது, கார்பரேட்டர் அடைத்தது, கடல் காற்று பட்டதும் டாங்கியில் தண்ணீர் சேர்ந்தது. காசிமேட்டுக் கரையில் மீனையும் மீன்காரப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு புளியந்தோப்பு மார்க்கெட்டுக்குப் போகும் வேன், தினமும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அருகே நின்றுவிடும். வேன் நின்றால் மீன் நிற்காது. அது தன் பாட்டுக்குக் கெட்டுக்கொண்டிருக்கும்.

இன்னாசிக்கு இதற்கு ஒரு வைத்தியம் தெரியும். டாங்கியில் ஒரு டியூபை விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, அடியில் சேர்ந்த தண்ணீரை வெளியே இழுப்பது. கடற்கரைப் பக்கம் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் இது பழக்கம். எவ்வளவு சாமர்த்தியசாலியானாலும் ஒரு வாய் உள்ளே வரும். துப்பிவிட்டு ஓட்ட வேண்டியதுதான்.

அன்று அவர் துப்பிய இடத்துக்கு ஓரடி தள்ளி மதுவிலக்கு இலாகாவின் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் தண்டபாணி இறங்கினார்.

"ஊது."

இன்னாசி ஊதினார். இன்ஸ்பெக்டர் கண்ணை மூடித் திறந்தார்.

"சாராயம்."

"மாதா சத்தியமா இல்ல சார். பெட்ரோலு."

"பெட்ரோலில் இந்த வாசனை ஏது?"

"அது கவர்மெண்டு கலக்கறது சார். நான் குடிக்கல. வண்டிதான் குடிச்சிகினு கீது."

இந்த ஒரு வாக்கியத்தை இன்னாசி சொல்லாமல் இருந்திருக்கலாம். பத்திரிகைகளில் வாக்குமூலங்களைப் படித்துப் பழகாதவர், வாய் தவறிவிட்டார்.

"வண்டி குடித்ததை நேரில் பார்த்தீரா?"

"நான்தானே சார் ஊத்தினேன்."

"அப்படியானால் நீர் உடந்தை."

வேனுக்குள்ளிருந்து பச்சையம்மா தலையை நீட்டினாள். காசிமேட்டு ஏலத்தில் ஆண்களே அவளுக்கு வழிவிட்டு நிற்பார்கள்.

"இன்னா சார் பேஜாரு இது? வஞ்சிரம் கண்ணு வெளுத்துகினு கீது, நீ வண்டிய ஊதச் சொல்லிகினு கீறியே! அதே பங்க்லதானே உன் ஜீப்புக்கும் ஊத்தறான்? உன் ஜீப்பு இன்னா மோரா குடிக்குது?"

இன்ஸ்பெக்டர் நிதானமாகப் பதில் சொன்னார். "அரசு வாகனம் கடமை நிமித்தம் உட்கொள்கிறது. அதற்குக் குடி என்று பெயரில்லை. பராமரிப்பு."

"எங்க வூட்டு ஆளும் அதத்தான் சொல்றான். உடம்பு வலிக்குதாம்."

வேன் காவலில் வைக்கப்பட்டது. மீன் அன்று சாயங்காலம் ஸ்டேஷன் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே புதைக்கப்பட்டது. பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் இன்னாசிக்கும் அந்த வேன்தான் சோறு.

சட்டப்படி சோதனை நடந்தது. குடித்தவரை நேர்கோட்டில் நடக்க விடுவது வழக்கம். ஸ்டேஷன் முற்றத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, கான்ஸ்டபிள்கள் வேனைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். அதன் ஸ்டீயரிங்குக்குப் பல வருஷமாகவே சொந்த அபிப்பிராயம் உண்டு. வேன் கோட்டை விட்டு விலகி, கொடிக்கம்பத்தை நோக்கிப் போய், அதன் மேல் சாய்ந்து நின்றது.

"நிலை தடுமாற்றம். அரசுச் சொத்தின் மீது விழுதல்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அடுத்து டாக்டர் அய்யாத்துரை வரவழைக்கப்பட்டார். இலாகாவின் மருத்துவ ஆலோசகர். மனிதர்களுக்கு மட்டுமே சான்றிதழ் தரலாம் என்று எந்த விதியிலும் இல்லாததால் அவர் பானெட்டைத் திறந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

"நாடி ஒழுங்கில்லை. ஒரு கண் மங்கல். மூச்சில் புகை. நாட்பட்ட கேஸ். இந்த வயதில் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பெர்மிட் கொடுத்து அளவோடு குடிக்க விடுவதுதான் முறை."

"நிறுத்துனாத்தான் சார் அது பொழைக்கும்," என்றார் இன்னாசி.

"எல்லாக் குடும்பத்தாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்."

கலப்பில்லாத பெட்ரோல் கிடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று இன்னாசி எரிபொருள் அலுவலகத்துக்கு நடந்தார். அங்கிருந்த அதிகாரி மிகவும் மரியாதையானவர். நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு மறுத்தார்.

"பெட்ரோலில் ஸ்பிரிட் இருப்பதாக இந்த அலுவலகம் ஒப்புக்கொள்வதற்கில்லை. அதில் இருப்பது எரிசக்தித் துணைப்பொருள்."

"அந்தத் துணைப்பொருளு இல்லாத பெட்ரோலு கெடைக்குமா சார்?"

"எதற்கு?"

"வண்டி பழசு சார். தாங்கல."

"எரிபொருளில் குறையில்லை. குறை வண்டியின் மனப்பான்மையில். உங்கள் வண்டி சுதந்திரத்துக்கு முன் பிறந்தது. அந்நிய ஆட்சிக்குப் பழகிவிட்டது. கொஞ்ச நாள் தேசிய உணர்வோடு ஓட்டிப் பாருங்கள்."

இன்னாசி திரும்பி வந்து பெர்மிட்டுக்குச் சம்மதித்தார். வேன் அதிகாரபூர்வமான குடிகாரன் ஆயிற்று. முன் கண்ணாடியில் பெர்மிட் வில்லை ஒட்டினார்கள். அவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் போனபோது இன்ஸ்பெக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"வண்டிக்குப் பெர்மிட் இருக்கிறது. ஊற்றிக் கொடுக்கிற உமக்கு? பெர்மிட் இல்லாதவர் மதுவைக் கையாள்வது குற்றம்."

"நான் குடிக்கறவன் இல்ல சார். கல்யாணத்தன்னிக்கு அந்தோனியார் கோயில்ல சத்தியம் பண்ணவன். வியாகுலம்மா அந்த ஒரு காரணத்துக்காவத்தான் என்னக் கட்டிக்கினா."

டாக்டர் பரிவோடு அவர் தோளில் கை வைத்தார். "குடிப்பழக்கம் இல்லை என்று மறுப்பதுதான் நோயின் முதல் அறிகுறி." சான்றிதழ் தயாராகிவிட்டது. வண்டியோடு பயணம் செய்கிற பெண்களுக்கும் அதே விதி. பச்சையம்மாவிடம் எத்தனை நாளாகப் பழக்கம் என்று கேட்டார் டாக்டர்.

"உன்னிய மாரி ஆளுங்களப் பாத்ததுலேர்ந்து," என்றாள். நாட்பட்ட கேஸ் என்று எழுதிக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு மாதிரி சமாளித்திருக்கலாம். ஆனால் பெர்மிட்காரர் தமக்குரிய மாத அளவு ஸ்பிரிட்டை இலாகாவிடம் வாங்கிக் குடிக்காவிட்டால் அவர் உண்மையில் குடிகாரர் அல்ல என்று ஆகிறது. குடிகாரர் அல்லாதவர் குடிகாரர் என்று சான்றிதழ் பெற்றது மோசடி. மோசடிக்குத் தண்டனை, வண்டியைப் பறிமுதல் செய்வது. இதை இன்ஸ்பெக்டர் வருத்தத்தோடுதான் விளக்கினார். காலிப் புட்டியைக் காட்டுவது போதாது, கூட இருந்து பார்ப்பதற்கு ஒரு கான்ஸ்டபிள் வீட்டுக்கே வருவார் என்றும் சொன்னார். அந்த வேலைக்குக் கான்ஸ்டபிள்களிடையே பலத்த போட்டி இருந்தது.

வீட்டில் வியாகுலம்மாள் டம்ளரைத் தன் கையாலேயே நீட்டினாள். இன்னாசி மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வண்டி போச்சின்னா பிள்ளைங்களுக்கு இன்னா வழி? மருந்துன்னு நெனச்சிக் குடி," என்றாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா மூஞ்சிய மட்டும் சந்தோஷமா வச்சிக்காத."

இன்னாசி அதைக் கடைப்பிடிக்க முயன்றார். முதல் வாரம் அது சுலபமாக இருந்தது.

பெர்மிட் வில்லை ஒட்டிய வேன் புளியந்தோப்பு வரை போய் வந்ததை ஊர் பார்த்தது. அதன் பிறகு வடசென்னையில் பழைய வண்டி வைத்திருப்பது ஒரு நாகரிகமாயிற்று. இதுவரை கோழி அடைத்து வைத்திருந்த கார்களைக் கழுவினார்கள். எர்ணாவூரில் எஞ்சினே இல்லாமல் செங்கல் மேல் நின்ற ஒரு டாக்சியைப் பரிசோதித்த டாக்டர், அளவுக்கு மீறிக் குடித்துப் படுத்துவிட்ட கேஸ் என்று சான்றளித்தார். அந்த டாக்சியில் தினமும் பயணம் செய்வதாகத் தெருவே பெர்மிட் வாங்கியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் மானேஜர்கள் புதுக் காரை மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டு, ஓட்டை வண்டியில் வில்லையோடு வந்து இறங்கினார்கள். பெண் கொடுக்க வந்தவர்கள், மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்பதற்கு முன் அவர் எந்த வருஷத்து வண்டி வைத்திருக்கிறார் என்று கேட்கலானார்கள். ஸ்பிரிட் கலந்த பெட்ரோலைத் திட்டிக்கொண்டிருந்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. அல்லது வேறு காரியத்துக்காகத் திறந்தது.

இதன் விளைவை எரிபொருள் அலுவலகம் தாமதமாகத்தான் கண்டுபிடித்தது. பெர்மிட்காரர்கள் எல்லா ஸ்பிரிட்டையும் குடித்துவிட்டதால், பெட்ரோலில் கலக்க ஒரு பீப்பாய் கூட மிச்சமில்லை. உண்மையைச் சொல்ல முடியாதாகையால், பொதுமக்களின் நெடுநாளைய கோரிக்கையை ஏற்று இனி துணைப்பொருளற்ற பெட்ரோல் வழங்கப்படும் என்று அறிவித்தார்கள்.

இன்னாசியின் வேன் சாவியின் முதல் திருப்பிலேயே கிளம்பியது. கொருக்குப்பேட்டை கேட்டை நிற்காமல் தாண்டியது. புளியந்தோப்பில் மீன் இறங்கியபோது ஐஸ் கரையவில்லை. உப்பிய குழாய்க்குப் பதில் புதுக் குழாய் போட்டதும் இருமல் கூட நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் தண்டபாணியே வந்து பார்த்து, வண்டி முழுமையாகத் திருந்திவிட்டது என்று எழுதிப் போனார். இன்னாசி கும்பிட்டார். அவர் கேட்டது இதைத்தான்; இதற்காகத்தான் அலுவலகம் அலுவலகமாக நடந்தார்.

மறுநாள் இன்னொரு அறிவிப்பு வந்தது. வண்டிகள் திருந்திவிட்டபடியால், வண்டிகளைச் சார்ந்து வழங்கப்பட்ட பெர்மிட்டுகள் அனைத்தும் மாதக் கடைசியோடு ரத்து.

ராயபுரம் கொதித்தது. கல்மண்டபத்தில் கூட்டம் கூடியது. கலப்பில்லாத பெட்ரோல் பழைய வண்டிகளின் எஞ்சினை அரித்துத் தின்றுவிடும் என்று, எஞ்சினே இல்லாத எர்ணாவூர் டாக்சிக்காரர் கண்ணீரோடு பேசினார். பல வருஷங்களாக ஸ்பிரிட்டுக்குப் பழகிய முதிய வாகனங்களின் உடல்நலனைக் கருதி மீண்டும் கலப்புப் பெட்ரோல் வழங்கக் கோரி மகஜர் தயாராயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு பச்சையம்மா நேரே இன்னாசியிடம் வந்தாள்.

"நைனா, உன் வண்டிதான் மொதல்ல குடிச்ச வண்டி. நீ போட்டாத்தான் மத்தவன் நம்பிப் போடுவான். போடு கையெழுத்து."

"வண்டி இப்பதானே பச்சையம்மா நல்லா ஓடிகினு கீது. மறுபடி கேட்டாண்ட நின்னுக்குமே. உன் மீனு இன்னா ஆவறது?"

"மீனு என்னிக்கி நாறாம இருந்துச்சி? வண்டி பேசுமா? பேசாத ஜீவனுக்கு மனுசன்தானே பேசணும்!"

இன்னாசி வேனைப் பார்த்தார். அது கழுவித் துடைத்த முகத்தோடு வெயிலில் நின்றது. சமையற்கட்டிலிருந்து வியாகுலம்மாள் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் பேனாவை வாங்கிவிட்டார்.

கையெழுத்து அழகாக விழுந்தது. கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அன்றைய மருந்தைக் காலையிலேயே சாப்பிட்டிருந்தார்.