பெயர் வெட்டாத கோப்பை

உலகத்தில் எடுக்கப்பட்ட, இனி எடுக்கப்படப்போகிற அத்தனை தமிழ்ப் படங்களின் முடிவையும் அறிந்த ஒரே மனிதர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வசித்தார். பலாலி வீதியிலிருந்து இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாங்கள் பல்கலைக்கழகப் பெடியள் அறை எடுத்திருந்த வீட்டுக்கு நாலு வளவு தள்ளி. நாற்பது தாண்டிய தனிக்கட்டை. பெற்றோர் வைத்த பெயரை ஒழுங்கை எப்போதோ மறந்துவிட்டது. முடிவண்ணை என்றால் நாய்களுக்கும் தெரியும்.

நகரத்துத் தியேட்டர் ஒன்றின் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவர். ஒரு படத்துக்கு மற்றவன் ஒரு தரம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போவான். இவர் ஒவ்வொரு காட்சிக்கும் அழவேண்டும். கண்ணீர் வற்றிய இடத்தில் ஞானம் ஊறிவிட்டது. தியேட்டரை மூடியபோது முதலாளி அவருக்கு ஒரு வெள்ளிப்பூச்சுக் கோப்பை கொடுத்தார். ஏதோ ஒரு படத்தின் நூறாவது நாள் விழாவுக்கென்று முன்கூட்டியே செய்வித்தது. படம் இரண்டாம் கிழமையே பெட்டிக்குள் படுத்துவிட்டது. பெயர் வெட்டாத அந்தக் கோப்பையைச் சைக்கிள் கூடையில் வைத்து, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல அவர் உருட்டிக்கொண்டு வந்ததை ஒழுங்கையே பார்த்தது.

சண்டையால் கரண்ட் இல்லாத ஆண்டுகள் அவை. சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, டைனமோ சுற்றி ரேடியோ கேட்டோம். கடல் கடந்து யாரோ ஒரு நடிகருக்குப் பெரிய விருது கொடுத்த செய்தி வந்தால் போதும், மிதியைச் சுற்றிக்கொண்டிருந்த முடிவண்ணை கையை எடுத்துவிடுவார். ரேடியோ செத்துப்போகும்.

“உது போன வருசத்துப் படத்துக்குச் சட்டை மாத்தினது. பரிசைத் தையல்காரனுக்கெல்லே குடுத்திருக்கவேணும்!”

“அண்ணை, செய்தி இன்னும் முடியேல்லை.”

“முடிவு எனக்குத் தெரியும். அழுதுகொண்டு தாய்க்கு நன்றி சொல்லுவார்.”

ஞாயிறு பின்னேரங்களில் ‘டெக்’ செல்வம் தன் வீட்டு மண்டபத்தில் வீடியோப் படம் காட்டுவான். டிக்கெட் என்பது ஆளுக்கு அரைப்போத்தல் மண்ணெண்ணெய். வீட்டுக்கு ஒரு போத்தல் கொண்டுவந்து ஜெனரேட்டர் குடிக்கக் கொடுத்தால், குடும்பமே பாயில் இருந்து பார்க்கலாம். எங்களிடம் வந்து சேரும் படங்களில் ஆட்டமும் பாட்டும் கட்டிப்பிடிப்பும் ஏற்கெனவே தணிக்கையில் வெட்டப்பட்டிருக்கும். மிஞ்சியது கதை மட்டும். ஆனபடியால் கதை இல்லாதது பளிச்சென்று தெரியும்.

ஜெனரேட்டர் சூடாறுவதற்காக நடுவில் ஓர் இடைவேளை. அப்போதுதான் முடிவண்ணை எழும்புவார். வேட்டியை மடித்துக்கட்டி, செருமிக்கொண்டு, மிச்சப் படம் முழுவதையும் சொல்லுவார். எந்தச் சாமானால் அடி விழும், எந்த மரத்தடியில் தங்கச்சி சாவாள், போலீஸ் எத்தனை நிமிடம் பிந்தி வரும் என்பது உட்பட. ஒன்றும் பிசகாது.

செல்வம் கும்பிடுவான். “அண்ணை, உங்கடை காலிலை விழுறன். சனம் மிச்சத்தையாவது பாக்கட்டும். வாயைத் திறவாதேங்கோ.”

“நானே திறக்கிறன்? படமெல்லே வாயைத் திறந்துகொண்டு நிக்குது. தொண்டைக்குழி வரைக்கும் தெரியுது!”

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் அதே மண்டபத்தில் அவருடைய விருது விழா நடக்கும். மிகச் சிறந்த தாய் இருமல். மிகக் குறைந்த மழையில் மிக அதிகம் நனைந்த கதாநாயகி. ஓர் அடிக்கு அதிக தூரம் பறந்த அடியாள். பரிசு எல்லாம் திருநெல்வேலிச் சந்தை மரக்கறி. வென்றவர் சார்பில் நாங்கள் போய் வாங்குவோம். இருமலுக்கு வாங்கிய பூசணியில் எங்கள் அறை ஒரு கிழமை கறி சாப்பிட்டது.

கடைசியாகக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவார். இடைவேளையில் அவர் சொன்ன முடிவு எந்தப் படத்தில் பிழைத்துப் பொய்யாகிறதோ, அந்தப் படத்துக்கு அது. ஒவ்வொரு வருடமும், “இந்த முறையும் ஆருமில்லை” என்று சொல்லித் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்.

நாங்கள் அதைத் தலைக்கனம் என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு நாள் தற்செயலாக அவர் பக்கத்துப் பாயில் இருந்தேன். திரையில் அவர் சொன்ன அதே மரத்தடியில் தங்கச்சி விழுந்தாள். சனம் கை தட்டி அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தில் வெற்றி இல்லை. வரவேண்டிய பஸ் இன்றைக்கும் வரவில்லை என்பதுபோல ஒரு முகம். “சீ, இந்தமுறை தப்பும் எண்டு நினைச்சன்” என்று வாய்க்குள் சொன்னார். தோற்பதற்காகவே ஒவ்வொரு ஞாயிறும் மண்ணெண்ணெய் கொண்டுவந்த மனிதர் அவர்.

பிறகுதான் அந்தக் குருட்டுத் தாய்ப் படம் வந்தது. இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கண் டாக்குத்தர். இளையவன் வீட்டை விட்டுப் போய்விட்டான். மூத்தவனே தாய்க்குக் கண் ஒப்பரேசன் செய்து சுகமாக்குவதாகக் கதை. இடைவேளையில் முடிவண்ணை எழும்பினார்.

“கண்கட்டு அவிழ்க்கிற நேரம் இளையவன் ஓடிவருவான். வில்லன் சுடுவான். பெடியன் குண்டைத் தான் வாங்குவான். தாய்க்குப் பார்வை வந்து, முதல் காணுறது அவன்ரை பிரேதம். வணக்கம்.”

முன்வரிசையில் எங்கள் வீட்டுக்கார அன்ரி இருந்தார். ஊரிலேயே துப்புரவான மனுஷி. கழுவாத சாமான் அவர் வீட்டில் கிடையாது. அவருடைய மகன் ஒருவன் கொழும்புக்கு என்று வெளிக்கிட்டு இரண்டு வருடம். ஒரு சேதியும் இல்லை. அவனுடைய சைக்கிளைத்தான் நாங்கள் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தோம். அதன் மட்காட் ஆடுகிற சத்தம் வாசல் படலையில் கேட்டால் அன்ரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, “ஓ, நீங்களே” என்பார்.

திரையில் கட்டு அவிழத் தொடங்கியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. ஜெனரேட்டர் இருமியது, மிகச் சிறந்த தாய் இருமல். பிறகு நின்றே போய்விட்டது.

“ஆரடா எண்ணெய்க்குள்ளை தண்ணி விட்டது?” செல்வம் போத்தல்களைத் தூக்கித் தூக்கி மணந்தான். ஒன்று மட்டும் கண்ணாடிபோலப் பளபளத்தது.

“நான் நல்லாக் கழுவித்தான் கொண்டந்தனான்” என்றார் அன்ரி.

“கழுவினனீங்கள் சரி, கவிட்டு வைக்கேல்லையே அன்ரி!”

மண்டபம் சிரித்தது. அன்ரி சிரிக்கவில்லை. அவர் முடிவண்ணையைத் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, அந்தப் பெடியன் வந்தவனே?”

ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர்தான் வில்லன், குண்டு, பிரேதம் எல்லாம் சொல்லி முடித்த வாய். முடிவண்ணை எழும்பினார். வேட்டியை மடித்துக்கட்டவில்லை. இருண்ட திரைப் பக்கம் திரும்பினார்.

“கட்டவிழ்க்கினம். தாய்க்கு ஒண்டும் தெரியேல்லை. எல்லாம் ஒரே இருட்டு. ஆனா மூத்தவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிக்கிறது அவவுக்குக் கேக்குது. அவன்ரை முகத்தைத் தடவி, ‘மெலிஞ்சு போனாய் ராசா, நல்லாத் தெரியுது’ எண்டுறா. அவன் டாக்குத்தர், அவனுக்கு விளங்கும். எண்டாலும், ‘ஓமம்மா, ரா முழிப்பு’ எண்டுறான். ரெண்டு பேரும் அப்பிடியே சமாளிச்சுக்கொண்டு இருக்கினம்.”

சனம் பாயோடு முன்னுக்கு நகர்ந்தது. குஞ்சு குருமான்கூட.

“அப்ப வெளியிலை ஒரு சைக்கிள் வருது. மட்காட் ஆடுற சத்தம். மூத்தவனுக்குக் கேக்கேல்லை. தாய்க்குக் கேட்டிட்டுது. எழும்பிச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு அடுப்படிக்குப் போறா. இன்னொரு கோப்பையை எடுத்துக் கழுவி வைக்கிறா. அவ்வளவுதான் படம்.”

“வந்தவனோ இல்லையோ?” என்றான் செல்வம், தன்னை மறந்து.

“கோப்பை வைச்சாச்சு. இனி நான் என்னத்தைச் சொல்ல?”

அன்ரி முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, போத்தலை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு கிழமை கழித்து நல்ல எண்ணெய் கிடைத்தது. செல்வம் மிச்சப் படத்தைக் காட்டினான். இளையவன் ஓடிவந்தான், வில்லன் சுட்டான், தாய் பிரேதத்தைக் கண்டாள். அப்படியே. மண்டபம் கொந்தளித்தது.

“உது பிழையான கொப்பி!”

“எங்கடை படத்தைப் போடடா!”

“உந்தத் தாய் ஒரு நடிப்பு! எங்கடை தாயின்ரை தூசிக்குக் காணாது!”

செல்வம் கசட்டைத் தூக்கிப்பிடித்துச் சத்தியம் பண்ணினான். ஒருவரும் நம்பவில்லை.

அந்தப் பொங்கல் விழாவில், முடிவண்ணை வழமைபோலக் கோப்பையைத் தூக்கி, “இந்த முறையும்” என்று தொடங்க, அன்ரி எழும்பிப்போய் அதைப் பறித்தார். முந்தானையால் ஒரு துடை துடைத்தார்.

“தம்பி, இடைவேளையிலை நீர் என்ன சொன்னனீர்? பிரேதம் எண்டெல்லே?”

“ஓமக்கா.”

“நாங்கள் பார்த்த படத்திலை பிரேதம் வந்ததே?”

“அக்கா, அது… அந்தப் படம் ஒருத்தரும் எடுக்கேல்லை.”

“ஆர் எடுத்தா எனக்கென்ன? நாங்கள் பாத்தனாங்கள். நீர் சொன்ன முடிவு பிழைச்சுப்போச்சு. பிடியும்.”

முடிவண்ணை கோப்பையை வாங்கினார். தோற்ற மனிதன் ஒருவன் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. தாய்க்கு நன்றி சொல்லவில்லை. ஆனால் அழுதார்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, தென்மராட்சிக்குப் போகும் வீதியில், கொட்டுகிற மழையில், அவரைக் கடைசியாகக் கண்டேன். அன்ரியைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தார். மட்காட் ஆடிக்கொண்டிருந்தது. கோப்பையில் மழையை ஏந்தி, தாகம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீட்டினார். அதில் இன்னும் பெயர் வெட்டியிருக்கவில்லை.

இப்போது வீட்டிலிருந்தே விருது விழாக்களைப் பார்க்கிறேன். கரண்ட் நிற்பதில்லை. யாராவது தாய்க்கு நன்றி சொல்லுகிறார்கள். படம் பார்க்கப் போனால், இடைவேளையில் மனைவியின் காதுக்குள் முடிவை மெல்லச் சொல்லிவிட்டு, முடிவண்ணையைப் போலவே, அது பிழைக்கவேண்டுமே என்று இருட்டுக்குள் காத்திருக்கிறேன்.