மாத்தளை மிளகு ஒன்பதாம் இடம் வந்த விபரம்

உக்குவளை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின்.

மாத்தளை மிளகு அணியின் உரிமையாளரும், டோஹாவில் தாதியும், எங்கள் ஒரே மகளுமான ஷெனாலிக்கு,

அவ்வணியின் தற்காலிக முகாமையாளரும் உன் அப்பாவுமான செபஸ்தியன், ஆண்டவர் கிருபையால் சுகமாக இருந்து எழுதுவது. அம்மா டொறீனும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் நீ போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. உன் பரீட்சை முடியும்வரை அணியை என் கையில் கொடுத்து, இந்த ஆட்டத்தைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டுப் போனாய். கடிதத்தைப் பற்றி நீ எதுவும் சொல்லவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

நீயும் உன் சிநேகிதர்களுமாகப் பதினாறு பேர், ஆளுக்கோர் அணி வைத்து நடத்தும் இந்தக் கூடைப்பந்து லீக்கில் நிஜமான ஆளும் கிடையாது, நிஜமான பந்தும் கிடையாது, கணினியே வீரர்களுக்குப் பெயர் வைத்துக் கணினியே ஆட்டத்தையும் ஆடி முடித்துவிடும், யார் எத்தனை நிமிடம் ஆடவேண்டும் என்று காலையில் குறித்துக் கொடுப்பது மட்டும்தான் நம் வேலை என்று நீ சொன்னபோது, முப்பத்து நான்கு வருடம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த எனக்கு இது ஒரு பெரிய வேலையா என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா, இந்த வருஷம் நம்ம தோக்கணும். அணியத் திரும்பக் கட்டி எழுப்புறோம். கடைசியா வந்தாத்தான் புது ஆளுகள எடுக்கிற குலுக்கல்ல மொத எடம் நமக்கு விழும். ஏழடி உசரத்துல ஸ்டான்கோனு ஒருத்தன் வாறான். மூணு வருஷமா அவனுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றாய். மகள் கேட்டு இல்லை என்று சொன்னதில்லை. முதல் பதினான்கு ஆட்டங்களையும் ஒழுங்காகத் தோற்றுக் கொடுத்தேன். அதில் ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

பதினைந்தாம் நாள் காலையில்தான் பெயர்ப் பட்டியலைக் கடைசிவரை பார்த்தேன். பதின்மூன்று பேரில் ஐந்து பேருக்கு நிமிடம் பூச்சியம். அதிலும் டெல்ரோய் என்று ஒரு பத்தொன்பது வயதுப் பையன், பதினான்கு ஆட்டத்துக்கும் வந்து உட்கார்ந்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறான். தோட்டத்தில் விடியக் காலை பிரட்டுக்கு, அதுதான் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, வந்து வரிசையில் நின்றவனை மழை வந்தால்கூட வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மாட்டோம், அரை நாள் வேலையாவது கொடுத்து அரைப் பேராவது போட்டுவிடுவோம். அது எனக்கு ஊறிப்போன பழக்கம். நான் என்ன செய்ய? பதின்மூன்று பேருக்கும் நிமிடங்களைப் பிரித்துப் பேர் போட்டேன். தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் உன் சிநேகிதன் ஷிஃபான், அதுதான் தம்புள்ளை லொறி அணியின் சொந்தக்காரன், லொறி இரைச்சலுக்கு நடுவில் நின்று போன் எடுத்தான். "அங்கிள், என்ன வேல பாக்குறீங்க? பதிமூணு பேரையும் எறக்குறீங்களே, இது பாஸ்கட் போல், கொழுந்து எடுக்கிற மல இல்ல" என்றான். தம்பி, உனக்கு உருளைக்கிழங்கு தெரியும், எனக்கு ஆட்களைத் தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றே வென்றுவிட்டோம். அது என் குற்றம் இல்லை. மற்ற அணிக்காரர்கள் ஐந்து பேரையே போட்டு வாட்டி எடுத்ததால் கடைசிக் கால்மணி நேரத்தில் அவர்களுக்கு மூச்சு வாங்கியது, நம் பையன்கள் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி ஓடினார்கள். டெல்ரோயின் எறிதலுக்குக் கணினி முதலில் போட்டது முப்பத்தெட்டு மார்க். போகப் போக ஐம்பது, அறுபது, எழுபத்தொன்று. ஒன்பது ஆட்டம் தொடர்ந்து வென்றபோது உன் அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். "புள்ள என்ன சொல்லிட்டுப் போனா, நீங்க என்ன செஞ்சுகிட்டு இருக்கீங்க? தோக்குறது அவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டாள். நாம் தோற்கவேண்டும் என்று கருத்து வைத்துப் பூசை ஒப்புக்கொடுக்க முடியுமா என்று ஃபாதரிடமே போய் விசாரித்திருக்கிறாள். அவர் திருச்சபையில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பதாம் இடம். முதல் எட்டு அணிகள்தான் இறுதிச் சுற்றுக்குப் போகும், ஆகவே அதற்கும் போகவில்லை. கடைசி நான்கு அணிகளுக்குத்தான் குலுக்கல், அதிலும் நாம் இல்லை. "இந்த லீக்லயே ஆக மோசமான எடம் ஒம்பதாவதுதான், அங்கிள்" என்றான் ஷிஃபான். கடைசியாக வந்த அவனுக்கே குலுக்கலில் முதலிடம் விழுந்தது. விழுந்த கையோடு என்னிடம் வந்து, ஸ்டான்கோவை எடுக்கும் உரிமையை உங்களுக்கே தருகிறேன், டெல்ரோயை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டான். ஒரு பொத்தானை அமத்தினால் போதும், நீ மூன்று வருடம் காத்திருந்தவன் நம் வீட்டுக்கு வந்துவிடுவான். நான் அமத்தவில்லை. ஷெனாலி, மூலையில் கிடந்தவனை நாமே எழுப்பி நிறுத்தி, அவன் நிமிர்ந்து நிற்கும் அன்றைக்கே இன்னொருவன் கையில் பிடித்துக் கொடுப்பதா? ஏழடிக்காரனை வைத்து யாரும் வெல்லலாம். இந்தப் பதின்மூன்று பேரை வைத்து அடுத்த வருடம் நான் கிண்ணம் வாங்கிக் காட்டுகிறேன். முகாமையாளர் பதவியை நிரந்தரமாக்கினால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

பரீட்சையை நன்றாக எழுது. முதல் நாள் தலைக்குக் குளிக்காதே, பிறகு தடிமன் பிடிக்கும். அந்தோனியார் உன் பேனாவுக்குப் பக்கத்திலேயே நிற்பாராக. கூட வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

என்றும் பாசமுள்ள,
அப்பா செபஸ்தியன்

பின்குறிப்பு (திங்கள்): முத்திரை வாங்கத் தபால் கந்தோருக்குப் போய் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனது என் பிழை. அம்மா ஷிஃபானைக் கூப்பிட்டு எந்தப் பொத்தான் என்று கேட்டு அமத்திவிட்டாள். ஸ்டான்கோ இனி உன்னுடையவன். "மூணு வருஷமா எம்புள்ள கேட்ட ஒண்ணு. நெசத்துல இல்லாத ஒரு பயலுக்காக நீங்க இருக்கிற புள்ளய மறந்துட்டீங்க" என்றாள். பட்டியலைத் திறந்து பார்த்தேன், டெல்ரோய் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுதுவிட்டேன். ஷிஃபானுக்குப் போன் எடுத்து, பையனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிடாதே என்று மூன்று தடவை சொன்னேன். "அவ்வளவு யோசனயென்டா நீங்களே வந்து பாத்துக்கங்களன், அங்கிள்" என்றான். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடு. மாத்தளை மிளகுக்கு இனி அம்மாதான் முகாமையாளர், ஐந்து பேருக்கு மட்டும் முழு நேரமும் போட்டு வைத்திருக்கிறாள். நான் இன்று முதல் தம்புள்ளை லொறியின் உதவி முகாமையாளர். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டமே உங்களோடுதான். டெல்ரோய் எந்தப் பக்கம் வெட்டித் திரும்புவான் என்று உங்கள் அணியில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.