அரிசி போன வழி

மாதம் பாதிகூடத் தாண்டவில்லை, அரிசி மூட்டை அதற்குள் படுத்துவிட்டது. இஷாம் அதைத் தூக்கி உதறினான். ஒரு வண்டு விழுந்தது.

"மூணு பேர் திங்கிற வூட்டுல இவ்வளவு அரிசி எங்க போகுது? ஒன்ட உம்மாட வூட்டுக்குத்தானே?"

"என்ட உம்மாட வூட்டுக்கு ஒரு மணி அரிசி போகல்ல," என்றாள் றுமானா.

"அப்ப எங்க போகுது?"

அவள் அவன் கையிலிருந்த மூட்டையை வாங்கி மடித்தாள். இஷாம் காத்தான்குடியில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் கணக்கப்பிள்ளை. அவன் அகராதியில், பதில் இல்லாத செலவுக்குத் திருட்டு என்று பெயர்.

"காதியார்ட்டப் போறன். இனி ஒன்னோட வாழ ஏலா."

"போறதெண்டா போங்க. மகள் படிக்கிறாள், சத்தம் போடாதீங்க."

பையோடு தெருவுக்கு வந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. வீடு அவளுடைய சீதனம். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் அங்கே வந்து குடியிருந்தவன். காதியார் விவாகரத்து எழுதிப் பிரித்து வைத்தால் அவன் பங்குக்கு வருவது இந்தப் பை மட்டும்தான்.

நேரே தங்கை றமீஸாவிடம் போனான். அவன் பிறந்து வளர்ந்த வீடு அது. அவள் கலியாணத்தோடு அதை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

"இருங்க காக்கா," என்றாள் அண்ணனிடம். "எத்தின நாளைக்கு?"

கேள்வி பிடிக்கவில்லை. வாயை அடைக்கலாமென்று, அந்த மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து நீட்டினான். அதை மச்சான் பார்த்துவிட்டார்.

"காக்கா பாதிதான் தாறார். நான் மட்டும் ஏன் முழுச் சம்பளத்தையும் ஒன்ட கையில தரணும்?" என்று மனைவியிடம் கேட்டார் மச்சான்.

சண்டையைத் தணிக்க நினைத்த இஷாம், "அவர் சொல்றதிலயும் நியாயம் இரிக்கி," என்றான்.

அடுத்த நிமிடம் அவன் பை வாசலில் கிடந்தது.

"ஒங்கட குடும்பத்தப் பிரிச்சது போதாதா? என்ட குடும்பத்தையும் பிரிக்க வந்தீங்களா?" என்றாள் றமீஸா.

மிஞ்சியது வாப்பா முகைதீன்பாவாதான். உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அவர் ஒரு ஜவுளிக்கடையின் பின்னறையில் படுக்கிறார். மகள் வீட்டில் இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. கடைக்குக் காவல் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். சாப்பாடு வேளைக்கு வருகிறது என்று வாப்பா சொல்லியிருந்தார். றமீஸா அனுப்புகிறாள் என்று எண்ணிக்கொண்டு இஷாம் அதோடு நிம்மதியாகிவிட்டான்.

பொழுதுபட, ஆட்டோக்காரர் உசனார் சோற்றுக் கரியரை இறக்கி, இஷாமைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். குழைந்த சோறு, உறைப்புக் குறைந்த மீனாணம். காலையிலிருந்து வெறும் வயிறு. வாப்பாவின் பங்கில் முக்கால்வாசியை இஷாமே தின்றுவிட்டான். தின்னும்போது அவனுக்கு அழுகை வந்தது.

"றமீஸாக்கு வாய்தான் பொல்லாத வாய். கை உம்மாட கை," என்றான். "றுமானா ஒருநாளும் இப்பிடி ஆக்கித் தரல்ல."

வாப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "சாப்பிடு மனே," என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"நாளைக்குக் காதியார்ட்டப் போறன் வாப்பா. கள்ளியோட எப்பிடி வாழ்ற?"

"அவசரப்படாத மனே." வாப்பா இன்னும் ஏதோ சொல்ல வந்தார். பெற்ற மகளின் மானத்தைக் காக்க வேண்டியிருந்ததால் சொல்லாமல் தண்ணீரைக் குடித்தார்.

வெறும் கரியரை எடுத்துப்போக உசனார் வந்தார். மூலையில் கிடந்த பையைப் பார்த்தார், இஷாமைப் பார்த்தார், பிறகு கிழவரிடம் சொன்னார்:

"நாளையில இருந்து ரெண்டு பேருக்குச் சோறு வைக்கிறதா எண்டு கேட்டு வரச் சொன்னா, றுமானா."