முதல் நோயாளித் தேர்வு

மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் உலகில் பலர் உண்டு. அதை முறைப்படி கொடுப்பது எப்படி என்று கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான். நானூறு வீடுகள் கொண்ட புதிய குடியிருப்பின் நலச் சங்கச் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

பெயிண்ட் வாடை போகாத எங்கள் வளாகத்தில் மருந்துக் கடை தயாராகி ஒன்பது நாளாகிவிட்டது. அலமாரி நிறைய மருந்து. ஆனால் திறக்கவில்லை. சுகாதாரத் துறை மேலதிகாரி தம் கையால் முதல் மருந்தைக் கொடுக்கப் போகிறார். வாங்குகிற கையும் லட்சணமாக இருக்க வேண்டாமா?

‘முதல் நோயாளித் தேர்வுக் குழு’ மூன்று முறை கூடியது. ரத்த அழுத்தத்தில் ஐந்து பேர், சர்க்கரையில் மூன்று பேர் மனு கொடுத்தார்கள். மூல வியாதிக்காரர் ஒருவர் எல்லா வகையிலும் தகுதியானவர். போட்டோவுக்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாததால் விட்டுவிட்டோம். வாயில் காவலாளிக்கு ஆஸ்துமா. அவர் இங்கே வேலை செய்பவரே தவிர ‘குடியிருப்பவர்’ அல்ல என்பதால் மனு தள்ளுபடியானது. கடைசியில் சங்கத் தலைவரின் மச்சானைத் தேர்ந்தெடுத்தோம். அவருக்கு ஒரு நோயும் கிடையாது. ஆகவே எந்த நோயாளியும் மனம் புண்பட வழியில்லை.

விழாவன்று காலை காவலாளிக்கு இழுப்பு வந்துவிட்டது. மருந்தாளுநர் அம்மா என்னிடம் ஓடி வந்தார்.

“சார், அண்ணனுக்கு மூச்சு வாங்குது. ஒரு இன்ஹேலர் எடுத்துக் குடுத்துடறேன்.”

“குடுத்துட்டா அப்புறம் பத்து மணிக்கு எதைம்மா திறக்கிறது?”

“கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையற கதையா இருக்கு சார்.”

“வெண்ணெய்க்கும் திறப்பு விழா உண்டும்மா.”

காவலாளி தகராறு செய்யவில்லை. நல்ல மனுஷன். “பரவால்ல சார், டவுன் கடையில வாங்கிட்டு வந்துடறேன்” என்று சொல்லுக்குச் சொல் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அழைப்பில்லாதவர்கள் நுழையக் கூடாது என்ற எங்கள் உத்தரவுப்படி வாயிலைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

பத்து மணிக்கு மேலதிகாரி வந்தார். வாயில் பூட்டியிருந்தது. நாங்கள் கலங்கவில்லை. ரிப்பனைக் கழற்றிக்கொண்டு போய் வாயிலில் கட்டினோம். அவர் கம்பிக்கு வெளியே நின்று வெட்டினார். ‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்று இருபது நிமிடம் பேசினார். நாங்கள் எடுத்துக் கொடுத்த வைட்டமின் மாத்திரையை மச்சானுக்குக் கம்பி வழியே நீட்டினார். எல்லோரும் கைதட்டினோம்.

பன்னிரண்டு மணிக்குத் தகவல் வந்தது. காவலாளி பஸ் நிறுத்தத்திலேயே விழுந்துவிட்டாராம். யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சாவியும் பத்திரமாகக் கிடைத்தது. மருந்தாளுநர் அம்மா மட்டும் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

பணி நேரத்தில் வாயிலை விட்டுப் போனதற்காகக் காவலாளியை நீக்குவதென்று மாலையில் ஒருமனதாகத் தீர்மானித்தோம். நோட்டீஸ் பலகைக்கு விளம்பரத்தை நானே எழுதினேன்:

“காவலாளி தேவை. நோய் நொடி இல்லாதவராக இருக்க வேண்டும். வளாகத்திலேயே மருந்துக் கடை வசதி உண்டு.”